காற்றைத் துடைத்த துண்டு

ஐந்தாம் அத்தியாயம்

பூமாலைக்குக் காக்கைகளின்மேல் எந்த விரோதமும் இருந்ததில்லை. அந்தத் தை மாதக் காலை எட்டு மணிக்கு, பெரம்பலூரில் பண்ணையார் அமிர்தலிங்கத்தின் கார் கொட்டகையில் நின்றபோதுதான் அது ஆரம்பமாயிற்று.

காரின் கூரையில் ஒரு காக்கை எச்சமிட்டிருந்தது. காய்ந்த வெள்ளைக் கோடு, ஒரு விரல் நீளம் இருக்கும். துப்பறியும் அழகேசன் முக்காலி போட்டு ஏறி நின்று, ஏதோ கோயில் கல்வெட்டைப் படிக்கிறவரைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடியக்காலை பஸ்ஸைப் பிடிச்சு இதைப் பார்க்கவா வந்தோம்? நம்ம ஆபீஸ் வாசல்லயே நிறைய இருக்கே சார்" என்றான் அவருடைய உதவியாள் பூமாலை.

"இது விழுந்திருக்கிற இடத்தைப் பாரு. மூடியும் கூரையும் சேர்ற கோட்டுக்குக் குறுக்கே கிடக்கு. நடுவுல ஒரு கீறல்கூட இல்லை."

பூமாலையின் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தக் கூரையில் ஒரு சதுர மூடி இருந்தது. உள்ளே ஒரு கைப்பிடியைச் சுற்றினால் மூடி பின்பக்கமாகச் சறுக்கிப் போகும். உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்க்கலாம். சென்னையில் கார்க் கூண்டு கட்டுகிற ஓர் இடத்தில் பண்ணையார் தனியாகச் சொல்லிச் செய்து வாங்கியது. மழை பெய்தால் மூடியைச் சுற்றியுள்ள சின்ன வாய்க்காலில் தண்ணீர் சேர்ந்து, நாலு மூலைக் குழாய்கள் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். அதைக் காட்டுவதற்காக ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்ன பண்ணையாரை அழகேசன் அப்போதுதான் தடுத்திருந்தார். அந்த எச்சம் எப்போது விழுந்தது என்று கேட்டதற்குப் பண்ணையார் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை அரியலூருக்குக் கிளம்பும்போதே அதைப் பார்த்து டிரைவரைத் திட்டினாராம்.

ஆக, திங்கட்கிழமை காலைக்குப் பிறகு அந்த மூடி ஒரு நூல்கூட நகரவில்லை. திருடன் கூரை வழியாக வரவில்லை.

திருடன் கூரை வழியாக வந்திருப்பான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் பூமாலையின் தங்கை மலர்க்கொடி முந்தின நாள் திருச்சிக்குத் தந்தி அடித்திருந்தாள். லாக்கப்பில் இருப்பது அவள் புருஷன். பண்ணையாரின் டிரைவர் தர்மன்.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை இந்தக் கார் அரியலூர் பத்திர ஆபீசுக்கு எதிரே ஏறக்குறைய மூன்று மணி நேரம் பூட்டி நின்றது. பின் ஸீட்டில் ஒரு தோல்பை. பைக்குள் விக்கிரமங்கலத்து நஞ்சையின் மூலப்பத்திரம். இறந்துபோன தம்பியின் மனைவி பஞ்சவர்ணத்துக்கு அந்த நிலத்தை எழுதிவைக்கத்தான் அமிர்தலிங்கம் போயிருந்தார். கூட்டம் நெரிகிற ஆபீசுக்குள் பையைச் சுமந்து அலைவதைவிட, முறை வரும்போது எடுத்துக்கொள்ளலாம், அதுவரை அமெரிக்கப் பூட்டு காவல் இருக்கும் என்று நினைத்தார். முறை வரவே இல்லை. ஒன்றரை மணிக்கு வெளியே வந்து பார்த்தால் கதவுகள் பூட்டியபடி இருந்தன. நாலு கண்ணாடியும் ஏறி இறுகியிருந்தன. பையை மட்டும் காணோம். சாவி தர்மன் இடுப்பில் இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் அய்யாக்கண்ணுவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இன்று மாலை நாலு மணிக்குத் தர்மனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள்.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். பூமாலைக்கு வாய் ஓடும். திருச்சியிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் பஸ்ஸில் அவன் பேசிய பேச்சுக்குக் கண்டக்டரே எழுந்து பின்னால் போய்விட்டார். அழகேசன் ஒன்றும் சொல்லவில்லை. ரயில்வேயில் காணாமல் போன சரக்குகளைத் தேடும் உத்தியோகத்தில் இருபது வருஷம் இருந்தவர் அவர். சத்தம் போடுகிற சாமான் உள்ளே உடைந்திருக்கும் என்று தெரிந்தவர். அந்த நாளில் வேகன்களில் அடையாளம் போட்ட பழக்கம் விடாமல், இப்போதும் சட்டைப் பையில் ஒரு சாக்குக்கட்டி வைத்திருந்தார்.

முக்காலியிலிருந்து இறங்கி, "கூரை போச்சு. இனிமே கண்ணாடிதான்" என்றார்.

பண்ணையாருக்கு அதைவிட மகிழ்ச்சியான பேச்சு கிடையாது. உலகச் சண்டை முற்றுவதற்கு முன்னால் கல்கத்தாவில் வந்திறங்கிய வண்டி அது. கண்ணாடியை ஏற்றி இறக்கக் கதவில் சுற்றுகிற பிடியே இல்லை, ஒரு பொத்தான்தான். செட்டிகுளம் மலைக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"அப்போ முருகனுக்கு ரெண்டாவது தரிசனந்தான் கிடைச்சிருக்கு" என்றான் பூமாலை. பண்ணையார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பின்பக்க இடது கதவின் பொத்தானை அழுத்தினார். முன்னால் எங்கோ விர்ரென்று ஒரு முனகல் கேட்டது. கண்ணாடி, குளத்தில் மூழ்கி எழுகிற ஆளைப் போலக் கதவுக்குள்ளிருந்து மெதுவாக மேலே வந்தது.

அவர் விளக்கினார். பொத்தானைத் தொட்டால் ஒரு மோட்டார் ஓடும். மோட்டார் ஒரு பம்பை ஓட்டும். பம்பு எண்ணெயைக் குழாய் வழியாகக் கதவுக்குள் தள்ளும். அங்கே ஓர் உருளைக்குள் இருக்கும் தண்டு எண்ணெயின் அழுத்தத்தால் நீளும், கண்ணாடியைத் தூக்கும். எண்ணெய் உள்ளே நிற்கிற வரைக்கும் கண்ணாடியும் நிற்கும். பத்து ஆள் தொங்கினாலும் இறங்காது என்று முடித்தார்.

"இறக்கணும்னா?" என்று கேட்டார் அழகேசன்.

பொத்தானை மறுபக்கம் தட்டினால் ஒரு வால்வு திறக்கும், எண்ணெய் திரும்பிப் போகும், ஒரு ஸ்பிரிங் கண்ணாடியைக் கீழே இழுத்துக்கொள்ளும் என்றார் பண்ணையார். அதற்கு மோட்டார்கூட ஓட வேண்டாம். கார்ச்சாவியும் வேண்டாம்.

அழகேசன் பொத்தானை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு குனிந்து அந்தக் கதவின் அடிவிளிம்பில் விரலை ஓட்டினார். விரல் பிசுபிசுத்தது. தரையில், நேர் கீழே, ஒரு வட்டக் கறை. முகர்ந்து பார்த்துவிட்டுப் பூமாலையிடம் விரலை நீட்டினார். பூமாலையின் மூக்கு அந்த ஆபீசின் பாதி மூலதனம்.

"விளக்கெண்ணெய்" என்றான் அவன்.

"அது எனக்கே தெரியுது. இன்னொண்ணு இருக்கே?"

பூமாலை இரண்டாவது முறை முகர்ந்தான். அந்த இன்னொன்று என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்தது. தெரிந்த கணத்திலேயே, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஆபீஸ் மேஜையில் காலை நீட்டிக்கொண்டு தானே சிரித்தபடி எழுதிய நாலு வரியும் ஞாபகம் வந்தது.

"ஜலதோஷம் சார்" என்றான்.

அழகேசன் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாக்குக்கட்டியை எடுத்து, கண்ணாடி கதவுக்குள் நுழைகிற இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே குறுக்காக ஒரு கோடு போட்டார். ஒரு மணி நேரம் யாரும் பொத்தானைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மலர்க்கொடியின் வீடு பஞ்சு அரைக்கிற மில்லுக்குப் பின்னால். அழகேசன் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே போய்ப் பேசிவிட்டு வரும்படி பூமாலையை அனுப்பினார். தங்கை அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள்.

அவள் சொன்னது இது. அந்தக் கண்ணாடி எண்ணெய் சண்டைக்குப் பிறகு வருவது நின்றுபோயிற்று. அது வேறொன்றுமில்லை, விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த கலவைதான் என்று திருச்சி மெக்கானிக் ஒருவர் தர்மனுக்குச் சொல்லியிருந்தார். பெரம்பலூர்க்காரனுக்கு விளக்கெண்ணெய்க்கா பஞ்சம்? கொல்லை முழுக்க ஆமணக்கு. இரண்டையும் கலந்து ஊற்றிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ஸ்பிரிட் என்று வாயைத் திறந்தாலே ஜனங்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வெறும் விளக்கெண்ணெயை ஊற்றினால் பனிக்காலத்தில் அது கெட்டியாகிக் கண்ணாடி ஏறவே மாட்டேன் என்றது.

"அப்புறம் உன்கிட்ட கேட்டு எழுதினாரு" என்றாள்.

அவள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தாள்.

"இதை எரிச்சுடச் சொல்லி நேத்து ஸ்டேஷன்லேருந்து ஆள் அனுப்பினாரு அண்ணே. உன் பேரு வெளிய வரக் கூடாதாம், அந்த ஐயாகிட்ட உனக்கு வேலை போயிடுமாம். எரிக்கலாம்னுதான் அடுப்பாண்ட போனேன். உன் கையெழுத்தாச்சேன்னு மனசு வரலை. இதுல என்ன இருக்கு?"

பூமாலை இரண்டு முறை படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஒன்றும் இல்லை என்றான். வாசலில் அழகேசன், அங்கே என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. அதுதான் அவனை இன்னும் வாட்டியது.

திரும்பி வந்தபோது மணி ஒன்பதரை. கொட்டகையின் குளிர்ச்சியில் கார் அப்படியே நின்றது. சாக்குக்கோடும் அப்படியே நின்றது, ஒரு மயிரிழை இறங்கவில்லை. பண்ணையார் பெருமையோடு சிரித்தார். பூமாலையின் மனசுக்குள் ஒரு வெட்கங்கெட்ட நிம்மதி எட்டிப் பார்த்தது. கண்ணாடி இறங்கவில்லை என்றால் அந்தக் கார்டுக்கு வேலையில்லை. ஆனால் கண்ணாடி இறங்கவில்லை என்றால் தர்மனுக்கு வழியும் இல்லை. இரண்டு நினைப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டன.

"சரி, அரியலூர் போவோம்" என்றார் அழகேசன்.

தர்மன் இல்லாததால் பண்ணையாரே ஓட்டினார். எதிரே வந்த மாடுகள் அவருடைய ஓட்டத்தை முன்பே அறிந்தவை போல வயலுக்குள் இறங்கி நின்றன. முன் ஸீட்டில் காரியஸ்தர் வேணுகோபால். ஐம்பது வயது, சலவை மடிப்புக் கலையாத துண்டு, எதையும் இரண்டு தரம் துடைத்துவிட்டு உட்காருகிற மனுஷன். பண்ணை நிலங்களை மேற்பார்ப்பவர் அவர்தான். விக்கிரமங்கலத்து நஞ்சையை எட்டு வருஷமாகத் தாமே பயிரிட்டு அனுபவித்து வருகிறவரும் அவர்தான்.

அரியலூரை நெருங்க நெருங்கச் சாலை வெளுத்தது. அந்த ஊர் ஒரு யுகத்தில் கடலாக இருந்ததாம். சுண்ணாம்புக் கல்லை உடைத்தால் இன்றும் உள்ளே சங்கும் சிப்பியும் இருக்கும். மற்ற நாளாக இருந்தால் பூமாலை அந்தக் கடலை நினைத்துக்கொண்டே போயிருப்பான். இன்று அவன் வேறு யாரையோ நினைத்தான். பனி பெய்கிற ஏதோ தூர ஊரில், கையுறை போட்ட ஒருவன் இந்தக் கண்ணாடியைச் செய்து கதவுக்குள் வைத்திருப்பான். பெரம்பலூரின் ஆமணக்கு அதற்குள் போகுமென்று அவன் கனவு கண்டிருப்பானா? அதற்குமேல் ஒரு மடையன் வேடிக்கையாக ஒரு கார்டு எழுதுவான் என்று?

வெயில் ஏறிவிட்டிருந்தது. அழகேசனின் முழங்கை அவன் விலாவில் இடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

கண்ணாடியில் சாக்குக்கோடு இல்லை. அது கதவுக்குள் இறங்கிப் போயிருந்தது.

பத்திர ஆபீசுக்கு எதிரே, திங்கட்கிழமை நின்ற அதே வெட்டவெளியில், பதினொன்றேகால் மணிக்குக் காரை நிறுத்தினார்கள். அழகேசன் பின்பக்கக் கண்ணாடியைப் பொத்தானால் முழுக்க ஏற்றிவிட்டு இறங்கினார். பண்ணையார் நாலு கதவையும் பூட்டினார். அழகேசன் பூமாலையைத் தனியே அழைத்துப்போய் ரகசியமாகச் சொன்னார்.

விளக்கெண்ணெய் குளிரில் கெட்டி. அதனால்தான் காலையில் கண்ணாடி நின்றது. வெயிலில் அது இளகும், இளகினால் கசியும். ஏற்றுவதற்குத்தான் மோட்டாரும் பம்பும் வேண்டும். இறங்குவதற்கு ஸ்பிரிங் எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது, கசிவு இருந்தால் போதும். முக்கால் மணி நேரத்தில் கண்ணாடி அடியோடு உள்ளே போய்விடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

"ஒண்ணுதான் இடிக்குது பூமாலை. நல்ல எண்ணெய்ன்னா உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஏன் ஊறிக் கெடணும்? ரயில்வேயில ரப்பரைக் கெடுக்கிற சரக்கு ஒண்ணு உண்டு."

பூமாலை தரையைப் பார்த்தான்.

"அதை அப்புறம் பேசுவோம்" என்றார் அவர். "இப்போ காரியஸ்தர் காருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு முக்கால் மணி நேரம் நிக்கணும். அதுக்கு உன் வாய் வேணும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூமாலையின் வாய்க்கு வேலை கொடுக்கப்பட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குப் பேச விருப்பமில்லை.

பதினொன்றரைக்கு அய்யாக்கண்ணு தர்மனை அழைத்துக்கொண்டு வந்தார். அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவரும்படி அழகேசன் சொல்லி அனுப்பியிருந்தார். தர்மனின் கையில் விலங்கு, பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். மச்சானைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தான். கவலைப்படாதே, நான் சொல்ல மாட்டேன் என்று அந்தத் தலையசைப்பில் இருந்தது. பூமாலையால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அழகேசன் வேணுகோபாலைக் காருக்கு நாலடி தள்ளி, ஆபீசைப் பார்த்தாற்போல் நிறுத்தினார். அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். வேணுகோபால் தெளிவாகச் சொன்னார். பத்தே முக்காலுக்கு அவர்தான் தர்மனை ஸ்டேஷனுக்கு ஒரு பார்சல் எடுத்துவர அனுப்பினார். ரயில் தாமதம். பன்னிரண்டு மணிக்குப் பையின் ஞாபகம் வந்து தாம் வெளியே வந்து பார்த்தார், பை இருந்தது. உள்ளே போய்ப் பண்ணையார் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒன்றரை வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பண்ணையாரே சாட்சி.

"அப்படின்னா பன்னிரண்டிலேருந்து ஒன்றரைக்குள்ள பை போயிருக்கு. சாவி வச்சிருந்த ஆள் வேற யாரு?" என்றார்.

அப்போதுதான் பூமாலை ஆரம்பித்தான். அன்று காலை என்ன பலகாரம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டான். பொங்கல் என்றார். பொங்கலா, அதுதான் கண்ணைக் கட்டியிருக்கும், நீங்கள் பார்த்தது பைதானா, தலையணையா என்றான். வேணுகோபால் பல்லைக் கடித்தார். கார்ப்பக்கம் நிழல் எந்தத் திசையில் விழுந்தது, ஆபீஸ் வாசலில் எதிரே வந்தவர் யார், அவருக்கு மீசை உண்டா, மீசை இல்லையென்றால் ஏன் இல்லை. கான்ஸ்டபிள் சிரித்தார். சப் இன்ஸ்பெக்டர் கடியாரத்தைப் பார்த்தார். பூமாலை ஒவ்வொரு வேடிக்கையையும் கிணற்றிலிருந்து தூர் வாருவதுபோல் எடுத்துப் போட்டான். ஒவ்வொன்றுக்கும் நடுவே அவன் கண் கண்ணாடிக்குப் போய்வந்தது. மேலே ஒரு விரல் இடைவெளி. பிறகு நாலு விரல். பிறகு ஒரு சாண்.

தர்மனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி இறங்க இறங்க அவன் முகம் வெளிறியது. விலங்கிட்ட கையின் கட்டைவிரல், வெறும் காற்றில், எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது. தினமும் பண்ணையாரின் செருப்புச் சத்தம் கேட்கும் முன்னால் அந்த விரல் செய்துவந்த வேலை அது.

அதைப் பார்த்ததும் பூமாலைக்கு மீதியும் புரிந்தது.

பண்ணையாரும் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். அழகேசன் அவர் கையை மெல்லப் பிடித்தார். கண்ணாடியின் கடைசிக் கீற்றும் கதவுக்குள் முழுகியது. சத்தமே இல்லை.

"கடைசியா ஒண்ணு" என்றார் அழகேசன், வேணுகோபாலிடம். "பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தேன்னீங்களே. கண்ணாடியெல்லாம் ஏறியிருந்துச்சா?"

"நாலும் ஏறியிருந்துச்சு. ஒரே புழுதி. பின்பக்கக் கண்ணாடியை என் துண்டால நல்லாத் துடைச்சிட்டுத்தான் உள்ளே பார்த்தேன். போலீசுலயும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

"எப்படித் துடைச்சீங்க? செஞ்சு காட்டுங்களேன்."

வேணுகோபால் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார். மடித்தார். திரும்பினார். இரண்டடி வைத்துக் கையை உயர்த்தினார்.

துண்டு அந்தரத்தில் நின்றது. துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. பின் ஸீட்டும், அதன்மேல் விழுந்த வெயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

ஆபீஸ் வாசலில் காத்திருந்த கூட்டம்கூட அடங்கிவிட்டது.

"அன்னைக்கும் பன்னிரண்டு மணிக்கு இது இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் அழகேசன், அமைதியாக. "காலை பத்தே முக்காலுக்கு நிறுத்தின வண்டி. வெயில் இதே வெயில். இறங்கிக் கிடந்த கண்ணாடியைப் பார்த்தீங்க, கையை விட்டீங்க, பையை எடுத்தீங்க. ஒன்றரை மணிக்கு டிரைவர், கண்ணாடியெல்லாம் ஏத்தித்தான் இருந்துச்சுன்னு ஒரு பொய் சொன்னான். அது பொய்ன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. அவன் ஏன் சொன்னான்னு உங்களுக்குத் தெரியாது. ஆனா வசதியா இருந்துச்சு. அது மேலேயே உங்க பொய்யைக் கட்டிட்டீங்க. கண்ணாடி ஏறியிருந்துச்சுன்னு மட்டும் சொல்லி விட்டிருக்கலாம். துடைச்சிருக்க வேண்டாம்."

வேணுகோபால் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ள முயன்றார். அது நழுவிப் புழுதியில் விழுந்தது. ஆனால் அவர் சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, இந்தக் கதவை இவர்களே இன்று காலை கெடுத்திருக்கலாம் என்றார். டிரைவருக்கு மச்சான் இவன். கொட்டகையில் தனியாக நின்றார்கள். திங்கட்கிழமை கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது என்று பண்ணையாரே சொல்வார்.

அய்யாக்கண்ணு யோசித்தார். நேர்மையான மனுஷர், அதனாலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகப் பட்டது. அன்றைக்கும் இது கெட்டிருந்தது என்று எப்படி நம்புவது, அதற்கு முந்தி தேதியிட்ட ஏதாவது அத்தாட்சி உண்டா என்று அழகேசனைக் கேட்டார்.

அழகேசன் பூமாலையைப் பார்க்கவில்லை. சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு, சும்மா நின்றார்.

தர்மன்தான் பதறினான். "வேணாம் மச்சான்" என்றான்.

பூமாலை சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்தான். சப் இன்ஸ்பெக்டர் முதலில் தபால் முத்திரையைப் பார்த்தார். கார்த்திகை மாதத்து முத்திரை. பிறகு உரக்கப் படித்தார்.

"மாப்பிள்ளை தர்மனுக்கு. ஸ்பிரிட் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இனி இந்த ஜில்லாவில் கார்கூடக் குடிக்க முடியாது போலிருக்கிறது. அதனாலென்ன, விளக்கெண்ணெயில் மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்று. அதுவும் எரிகிற சரக்குதானே. பூமாலை."

ஆபீஸ் வாசலில் யாரோ சிரித்தார்கள். வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது. பூமாலையின் காது எரிந்தது.

மண்ணெண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் குழைத்துவிடும் என்பதை அழகேசன் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். ஒரு மாதமாகவே கண்ணாடி வெயிலில் இறங்குவதையும், பண்ணையார் வருமுன் தினமும் பொத்தானை அழுத்தி ஏற்றிவிடுவதையும், திங்கட்கிழமையும் பார்சலோடு திரும்பியதும் பின் ஸீட்டைப் பார்க்கும் முன்பே கையால் அதைத்தான் செய்ததையும் தர்மன் தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டான். மிஷினைக் கெடுத்துவிட்டோமே என்ற பயத்தில் வந்த பொய் அது. பை காணோம் என்று தெரிந்தபோது பொய் வாயைவிட்டுப் போய்விட்டிருந்தது.

அய்யாக்கண்ணு கார்டை மடித்துத் தம் நோட்டுக்குள் வைத்தார். பிறகு வேணுகோபாலைப் பார்த்தார். காரியஸ்தர் அதற்குமேல் நிற்கவில்லை. காரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பை அன்றைக்குப் பக்கத்துத் தெருவில் நின்ற அவருடைய மாட்டு வண்டியின் வைக்கோலுக்குள் போனதும், இப்போது விக்கிரமங்கலத்து வீட்டுப் பரணில் இருப்பதும் தெரியக் கால் மணி நேரம் ஆயிற்று. எட்டு வருஷம் உழுத நிலம் ஐயா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பண்ணையார் பஞ்சவர்ணத்துக்கு இன்றைக்கே ஆள் அனுப்பச் சொன்னார்.

விலங்கைக் கழற்றினார்கள். பண்ணையார் கார்ச்சாவியைத் தர்மனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் கோபப்படக்கூட இல்லை. கதவுக்குள் முழுகிக் கிடந்த கண்ணாடியை, செத்துப்போன குதிரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

ஸ்டேஷன் சாலையில் மூவரும் நடந்தார்கள். அழகேசன் வேண்டுமென்றே இருபதடி முன்னால் போனார். போவதற்கு முன்னால், நம் ஆபீசிலிருந்து போகிற கார்டுகளை இனித் தாமும் ஒரு தரம் படிப்பதாகப் பூமாலையிடம் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

தர்மன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே வந்தான்.

"நீ சொன்னது தப்பா இருக்காதுன்னு எனக்குத் தெரியும் மச்சான்" என்றான். "கார்டுல அளவு போட மறந்துட்டே. நான்தான் மண்ணெண்ணெயை அதிகமா ஊத்திட்டேன். அதான் கெட்டுப்போச்சு. உன்மேல பழி வந்துடுமோன்னுதான் வாயைத் திறக்கலை."

பூமாலையின் நாக்கு நுனிக்கு ஒரு பதில் வந்தது. நல்ல பதில். சிரித்துவிட்டு இருவரும் நடந்துபோய்விடக் கூடிய பதில். அவன் அதை விழுங்கினான்.

"அளவெல்லாம் இல்லை மாப்ள. அது விளையாட்டுக்கு எழுதினது."

தர்மன் நின்றான். வெள்ளைப் புழுதியில் அவன் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. வெகுநேரம் அவன் பூமாலையின் முகத்தைப் பார்த்தான். அதில் இன்னும் ஏதாவது வேடிக்கை மிச்சமிருக்கிறதா என்று தேடுகிறவனைப் போல.

"அப்போ இனிமே கார்டுலேயே ஒரு ஓரமா எழுதிப்போடு மச்சான், விளையாட்டுன்னு" என்றான். "எங்களுக்கு அங்கேருந்து தெரியாது."

திரும்பி நடந்தான். தொங்கிய கையில் அவன் கட்டைவிரல் இன்னும் அந்தப் பொத்தானைத்தான் அழுத்திக்கொண்டிருந்தது. பூமாலை பின்னால் போனான்.